நர்ஸ் வைத்திருந்த அடையாளம்

அந்த நர்ஸை முதல் நாளே எனக்குப் பிடிக்கவில்லை. எட்டுக் கட்டில் உள்ள வார்டு. கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் சார்ட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஊசியைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். என் வீட்டுக்காரருக்கோ ஒரு ஊசி மருந்து அறவே ஆகாது. முன்பு ஒருமுறை போட்டு, மூச்சு முட்டி, ஆளே போய்ச் சேரப் பார்த்தார். இந்த வார்டில் பாதிப் பேருக்கு அந்த மருந்துதான். அவள் மேலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

"சார்ட்டைப் பாக்கவே மாட்டீங்களா?" என்று கேட்டே விட்டேன்.

"எல்லாம் மனசுல இருக்கு அக்கா. ஒவ்வொருத்தருக்கும் ஒரு படம் வச்சிருக்கேன். மூணாம் கட்டில் வாத்தியார் சர்க்கரை மூட்டையைத் தலையில சுமக்கிற மாதிரி நெனச்சுக்குவேன். அவருக்கு சுகர்னு மறக்குமா?"

"எங்க வீட்டுக்காரருக்கு என்ன படம்?"

சிரித்து மழுப்பினாள். அந்தச் சிரிப்பு எனக்குச் சரியாகப் படவில்லை.

மறுநாள் காலை ஒரே புழுக்கம். என் வீட்டுக்காரரோ கொசுவுக்குப் பயந்து முகம்வரை போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கினார். எதிர்க் கட்டில் தாத்தாவுக்கு மேலே இருக்கும் ஃபேன் மட்டும்தான் ஒழுங்காகச் சுற்றும். ஸ்டூலை அங்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கண் மட்டும் வாசலிலேயே இருந்தது. ஊசித் தட்டோடு வந்தவள் என்னைப் பார்த்தாள். தாத்தாவை அப்படியே விட்டுவிட்டு, நேராகப் போய் என் வீட்டுக்காரரின் சட்டைக் கையைச் சுருட்டினாள்.

"அடிப்பாவி! கையை எடுடீ!"

பாய்ந்து போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். சார்ட்டைப் பிடுங்கி முகத்துக்கு நேரே நீட்டினேன். அந்த மருந்து ஆகாது என்று சிவப்பு மையில் இருந்ததைப் படித்ததும் அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"நீங்கதான் அக்கா படம்," என்றாள் அழுதுகொண்டே. "வந்ததுலேர்ந்து என்னை முறைச்சுக்கிட்டே இருந்தீங்களா, அதையே வச்சுக்கிட்டேன். இந்த அக்கா யார் பக்கத்துல உக்காந்து முறைக்கிறாங்களோ, அவருக்கு இந்த ஊசி கூடாதுன்னு."

அறைய ஓங்கிய கை அப்படியே இறங்கிவிட்டது. கொஞ்சம் காற்றுக்கு ஆசைப்பட்டு நானே அவரைக் கொன்றிருப்பேனே! கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சத்தத்தில் விழித்தவர், "என்னாச்சு, காபி வந்துடுச்சா?" என்றார்.

இனிமேல் சார்ட்டைப் பார்ப்பதாக அவள் சத்தியம் செய்தாள். நம்புவேனா? வீட்டுக்கு அனுப்பும்வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. குளிக்கப் போகும்போதுகூட என் தங்கச்சியை ஸ்டூலில் உட்காரவைத்து, "அவ வந்தா நல்லா முறைச்சுப் பாருடீ" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.