உயிரோடு இருப்பவனுக்கு ஒப்பாரி

கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது துடைப்பத்தில் ஏதோ இடித்தது. அயின்போகா இழுத்துப் பார்த்தாள். ஆணி அடித்த உருட்டுக்கட்டை. அதைச் சுற்றி, வேட்பாளர் யெல்பாலா பல்லைக் காட்டிச் சிரிக்கும் பனியன்.

"இது எதுக்குடா?"

"பாதுகாப்புக்கும்மா" என்றான் மகன் அனாபா. வண்டி மெக்கானிக், வளர்ந்த ஆள். "சனிக்கிழமை சந்தையில எங்க கூட்டம். எதிர்த்து நிக்கிற டகூரா ஆளுங்களும் ஊர்வலம் வராங்க. ரெண்டும் அங்கதான் சந்திக்கும்."

"நீ போகாதே."

"எல்லாரும் போறாங்க. நான் மட்டும் வீட்ல உக்காந்து உனக்கு வெங்காயம் உரிக்கவா?"

கிறிஸ்தவ ஆயர் இரண்டு வேட்பாளர்களையும் அழைத்துக் கெஞ்சிப் பார்த்துவிட்டார். ஊர்த்தலைவர் வெற்றிலைபாக்கு போல மரியாதைக்குத் தரும் கோலாக்கொட்டை கொடுத்துப் புத்தி சொன்னார். இருவரும் கைகோத்துப் படம் எடுத்துக்கொண்டு, வானொலியில் ஆங்கிலத்தில் அமைதி அமைதி என்றார்கள். ஊருக்குத்தான் உபதேசம். கட்டை பிடித்தவர்களிடம் அவர்கள் மொழியில் ஒரு வார்த்தை சொல்ல இரண்டு பேருக்குமே வாய் வரவில்லை.

அயின்போகா பிராஃப்ரா இனத்துக்காரி. வண்டி நிலையத்தில் பயறு வடை சுட்டு விற்பவள். ஊரெல்லாம் தகாபா மக்கள். இந்த இரண்டு இனத்துக்கும் கேலி முறை உண்டு. ஒருவரை ஒருவர் அடிமை என்று கூப்பிடலாம், யாருக்கும் கோபம் வரக்கூடாது. தகாபா வீட்டில் சாவு விழுந்தால் பிராஃப்ராக்காரர்கள் நுழைந்து, செத்தவரைப் போல நடந்து காட்டி, கேட்டதைக் கொடுக்கும்வரை பிணத்தை எடுக்க விடமாட்டார்கள். அழுகிற வீட்டைச் சிரிக்க வைப்பது அவர்கள் வேலை.

வடை சுடும்போதுதான் ஒரு கேள்வி மண்டையைக் குடைந்தது. பக்கத்தில் சோள பீர் விற்கும் செலஸ்தினாவிடம் கேட்டாள்.

"ஏன்டி, இதையே உயிரோட இருக்கிறவனுக்குச் செஞ்சா என்ன ஆகும்?"

செலஸ்தினா தகாபாக்காரி. யோசித்தாள். "செய்யக்கூடாதுன்னு யாரும் சொன்னதில்ல. செஞ்சும் யாரும் பாத்ததில்ல. யாருக்குச் செய்யப்போற?"

"தினமும் என்கிட்ட வடை தின்னுட்டு ஓட்டு கேக்கறவனுக்கு."

சனிக்கிழமை, சந்தையில் யெல்பாலாவின் மேடைக்கு முன்னால் கட்டைக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். அயின்போகா பிணம் கிடத்தும் பாயை விரித்தாள். வயிற்றை எக்கி, ஒரு காலைச் சற்றே இழுத்து, அச்சு அசல் யெல்பாலாவாக நடந்தாள். சந்தையே விழுந்து விழுந்து சிரித்தது.

"என்ன அடிமை, வியாபாரம் படுத்துடுச்சா?" என்றார் யெல்பாலா ஒலிபெருக்கியில்.

"படுத்தது நீடா. பிணம் பேசப்படாது."

"சரி, பிணத்தை எடுக்க விட என்ன வேணும்? நாய்க்கறி திங்கற உங்களுக்கு நாய்த்தலையா?"

"உன் பசங்க கையில இருக்கிற கட்டை. உன் வாயால கேட்டு வாங்கிக் குடு."

யெல்பாலா தொண்டையைச் செருமி, எங்கள் கட்சி என்றும் அமைதியின் பக்கம் என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். கைதட்டல். ஒரு கட்டையும் அசையவில்லை.

"பிணத்துக்கு இங்கிலீஷ் வேற வருதா!" என்றாள். மறுபடியும் சிரிப்பு. அவ்வளவுதான். தூரத்தில் டகூரா ஊர்வலத்தின் மேளம் கேட்கத் தொடங்கியது.

வேறு வழி தெரியாமல் ஒப்பாரியை எடுத்தாள். "போறானே யெல்பாலா, துணைக்கு யாரு போறா?" கேலிக்கு ஒரு பெயர் தேடி வரிசையைப் பார்த்தாள். கடைசிக்கு முன்னால் அனாபா, தோளில் கட்டையோடு, அம்மாவின் கூத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"என் அனாபா போறான்" என்று வாயில் வந்துவிட்டது.

அதற்கப்புறம் பாட்டு வரவில்லை. அழுகை வந்தது. நிறுத்தப் பார்த்தாள், நிற்கவில்லை. இது எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கே ஆச்சரியம். சிரித்தவர்கள் ஒவ்வொருவராக அடங்கினார்கள். கேலி உறவுக்காரி நிஜமாக அழுது அங்கே யாரும் பார்த்ததில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்றும் யாருக்கும் தெரியவில்லை.

யெல்பாலா மேடையிலிருந்து இறங்கி வந்தார். "ஏய், நெசமாவா அழற? நிறுத்து. நான் உயிரோட இருக்கேன்ல?" என்றவர் தன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டார். அவள் நிறுத்தவில்லை. நிஜ அழுகை நிஜச் சாவைக் கொண்டுவந்துவிடுமோ என்று அவருக்குப் பயம் வந்துவிட்டது. மேடைக்காரனிடம் ஒலிவாங்கியைப் பிடுங்கித் தன் சொந்த மொழியில் கத்தினார்.

"கட்டையைக் கீழ போடுங்கடா! டகூரா ஆளுங்க அடிச்சாலும் திருப்பி அடிக்கக்கூடாது. கை வெச்சவன் என் ஆளே இல்ல!"

முதல் கட்டை விழுந்தது. பிறகு சடசடவென்று விழுந்தன. அனாபா மட்டும் தன்னுடையதைக் கொண்டுவந்து, தலை நிமிராமல், பாயின் ஓரத்தில் வைத்தான்.

"எனக்காகவா அழுத?" என்று கேட்டார் யெல்பாலா.

"உனக்கு அழ உன் வீட்ல ஆளுங்க இருக்காங்க. நான் அழுதது இவனுக்கு."

யெல்பாலா திரும்பிப் பார்த்தார். மேளம் நெருங்கிக்கொண்டிருந்தது. "அப்ப அவனுங்க கட்டை?"

"டகூராவும் தகாபாதானே. அவனும் என் அடிமைதான்." அயின்போகா பாயைச் சுருட்டிக்கொண்டு மேளம் வந்த திசையில் நடந்தாள்.

கொஞ்ச தூரம் போனதும் பாயை யாரோ கையிலிருந்து வாங்கினார்கள். அனாபா.

"அங்கயும் அழுகை வருமாம்மா?"

"உன்னப் பாத்தா வரும். கூடவே வா."