சாஜன் கட்டை அடுக்கிய மத்தியானம்

“சின்னம்மா, உங்கட கொண்டை ஏன் ஒரு பக்கமாச் சரிஞ்சு கிடக்கு?”

“முன்னுக்குப் பார்த்துக்கொண்டு நில்.”

“தலைக்குள்ள என்ன வச்சிருக்கிறியள்?”

“ரெண்டு பற்றறி. வாயை மூடு.”

யதுர்ஷிகா வாயை மூடிக்கொண்டாள். பெண்களைத் தடவிப் பார்க்கிற கொட்டிலைக் கடந்து இருவரும் அப்போதுதான் வெளியே வந்திருந்தார்கள். அங்கிருந்த ஆமிக்காரி சின்னம்மாவின் இடுப்பைத் தடவினாள், சேலைத் தலைப்பை உதறிப் பார்த்தாள், தலையைத் தொடாமல் விட்டுவிட்டாள். வவுனியாவிலிருந்து புலிகளின் கட்டுப்பாட்டிலுள்ள வன்னிக்குள் ஒரு பென்ரோச் பற்றறிகூடக் கொண்டுபோகக் கூடாது. பிடிபட்டால் பற்றறி போவதோடு கதை முடியாது. ஆளையும் மறித்து வைத்துவிடுவார்கள்.

“ஆருக்கு உது?” என்று யதுர்ஷிகா உதடு அசையாமல் கேட்டாள்.

“ரேடியோவுக்கு. அங்க மூண்டு மாசமா ஒரு நாடகம் கேக்கேல்லை.”

“நாடகம் கேக்கிறதுக்கோ இந்த வேலை?”

“நீ ரெண்டு கிழமையா அந்தக் கட்டை அடுக்கிற பெட்டியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு கிடந்தாய். நான் ஏதும் சொன்னனானோ?”

“சொன்னனீங்கள். ஒவ்வொரு நாளும் சொன்னனீங்கள்.”

“அப்ப இப்ப நீ சொல்லாதை.”

சின்னம்மாவின் பெயர் ஜெகதீஸ்வரி. அவள் ஒன்றைத் தீர்மானித்துவிட்டால் பிறகு அதைப்பற்றி யாரும் கதைக்க முடியாது.

இரண்டு கிழமைக்கு முன்பு, அடையாள அட்டை எடுப்பதற்காக இருவரும் வவுனியாவுக்கு வந்திருந்தார்கள். அட்டை இல்லாமல் உயர்தரச் சோதினை மண்டபத்துக்குள் விடமாட்டார்கள். இன்று நாளை என்று இழுத்து, நேற்றுத்தான் அது கைக்கு வந்தது. இன்று சனிக்கிழமை. பிற்பகல் மூன்று மணிக்குச் சாவடியை மூடிவிடுவார்கள், அடுத்து திறப்பது செவ்வாய்க்கிழமை. திங்கட்கிழமை காலை எட்டரைக்கு முள்ளியவளையில் பௌதிகவியல் சோதினையின் முதலாம் பத்திரம். அட்டை சட்டைப் பைக்குள் இருந்தது. இன்றைக்கு அந்தப் பக்கம் போகாவிட்டால் அது இருந்தும் இல்லாததுதான்.

வரிசை நகர்ந்தது. முன்னால் மணல் மூட்டைகள், ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் மீசை நரைத்த ஒரு ஆமிச் சாஜன். அவருக்குப் பக்கத்தில் துவக்கோடு ஒரு இளம் ஆமிக்காரன். பைகளைக் கொட்டிப் பார்த்து, பயண அனுமதிப் பாஸில் கையெழுத்து வைப்பது சாஜனின் வேலை. அந்தக் கையெழுத்து இல்லாமல் கம்பிச் சுருளுக்கு அப்பால் காலெடுத்து வைக்க முடியாது.

இளம் ஆமிக்காரன் அவளுடைய பையைத் தலைகீழாகக் கவிழ்த்தான். இரண்டு சட்டை, நோட்டுக் கொப்பிகள், பழைய வினாத்தாள் கட்டு. கடைசியாக, துவாயில் சுற்றியிருந்த அந்தக் கட்டை அடுக்கிற பெட்டி, பிறிக் கேம், மேசையில் உருண்டது. துவாய் அவிழ்ந்தது.

அவன் ஒரு எட்டுப் பின்னுக்குப் போனான். சிங்களத்தில் ஏதோ கத்தினான். துவக்கு நிமிர்ந்தது. வரிசை முழுவதும் ஒரே மூச்சில் பின்வாங்கியது. மேசைக்கு முன்னால் யதுர்ஷிகாவும் சின்னம்மாவும் மட்டும் நின்றார்கள்.

அப்போதுதான் அவள் அந்தப் பெட்டியை அவனுடைய கண்ணால் பார்த்தாள். கைக்குள் அடங்குகிற சாம்பல் நிறப் பெட்டி. முகத்தில் இலக்கம் காட்டுகிற கண்ணாடி. முதுகிலிருந்து சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர், நடுவில் கறுப்பு நாடா சுற்றிய ஒரு சின்ன முடிச்சு.

ஒன்றுவிட்ட அண்ணன் சிவராசாவின் வேலை அது. வவுனியாவில் ரேடியோ திருத்துகிறவன். “அங்க பற்றறிக்கு எங்க போவாய்? பற்றறியோட விடவும் மாட்டாங்கள். நான் வயர் வச்சுத் தாறன், சைக்கிள் டைனமோவில குடுத்து விளையாடு” என்று சொல்லி, பற்றறி வைக்கிற இடத்துத் தகடுகளைக் கழற்றிவிட்டு வயர் ஒட்டி, டயோட் ஒன்றும் வைத்துக் கொடுத்திருந்தான். பற்றறி கொண்டுபோகக் கூடாது என்ற சட்டத்துக்குப் பயந்து செய்த வேலை. வயர் தொங்குகிற பெட்டி வேறு எதைப் போல இருக்கும் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வன்னியில் ரேடியோவிலும் வயர் தொங்கும், ரோச்சிலும் தொங்கும்.

“நங்கி,” என்று சிங்களத்தில் தங்கச்சி முறை சொல்லிக் கூப்பிட்டார் சாஜன். அவருக்குத் தமிழ் கொஞ்சம் தெரிந்திருந்தது. “இது என்ன?”

“விளையாட்டுச் சாமான் சேர். பிறிக் கேம்.”

“பற்றறி எங்க?”

“பற்றறி இல்லை சேர்.”

சின்னம்மா தலையை ஆட்டாமல் நின்றாள்.

“பற்றறி இல்லாம எப்பிடி விளையாடுறது?”

“சைக்கிள் டைனமோவில சேர். ஒராள் மிதிக்க, ஒராள் விளையாடுறது.”

“பொய் சொல்ல வேணாம்.”

“உண்மை சேர். அங்க எல்லாரும் அப்பிடித்தான்.”

வயரை ரோச் பற்றறியில் தொட்டுப் பார்க்க, இளம் ஆமிக்காரன் இடுப்பிலிருந்த ரோச்சைக் கழற்றப் போனான். சாஜன் அவன் கையில் தட்டினார். வயரை ஒன்றிலும் தொடவைக்காதே என்று அவனிடம் சிங்களத்தில் சொல்லியிருக்க வேண்டும். அவன் ரோச்சை மறுபடி மாட்டிக்கொண்டான்.

“நீ செய்து காட்டு. இப்ப. இல்லாட்டி வவுனியாவுக்கு ஏத்துறது. பெரியவர் விசாரிப்பார்.”

வவுனியாவுக்கு ஏற்றினால் செவ்வாய் என்ன, அடுத்த மாதமும் வரமுடியாமல் போகலாம். யதுர்ஷிகா திரும்பி வரிசையைப் பார்த்தாள். “ஆரிட்டயாவது டைனமோ பூட்டின சைக்கிள் இருக்கோ?”

பெரிய உரப்பையைக் கரியரில் கட்டியிருந்த ஒரு மனிதர் சைக்கிளை உருட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

“கண்டாவளை ஐயாத்துரை,” என்றார், யாரும் கேட்காமலே. “பிள்ளை, இந்த டைனமோவில லைற்றே ஒழுங்கா எரியாது. அதையும் முதல்லயே சொல்லிப்போட்டன், பிறகு என்னையும் சேர்த்து ஏத்தாதேங்கோ.”

சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்த, பின்சில்லு நிலத்தை விட்டு எழும்பியது. யதுர்ஷிகா டைனமோவை டயரில் சாய்த்துவிட்டு, ஒரு வயரை அதன் முனையிலும் மற்றதைச் சைக்கிள் உடம்பிலும் சுற்றினாள். சிவப்பு வயர் இரண்டு தரம் கழன்று விழுந்தது. சாஜனும் மற்றவனும் மணல் மூட்டைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்கள்.

“சின்னம்மா, பெடலைக் கையால சுத்துங்கோ. மெதுவா. ஒரே மாதிரி.”

“நானோ?”

“நான் இதைப் பிடிக்கவேணும்.”

சின்னம்மா குந்தியிருந்து சுற்றினாள். டைனமோ இரைந்தது. கண்ணாடியில் ஒன்றும் இல்லை. இன்னும் ஒரு சுற்று. ஒன்றும் இல்லை. ஐயாத்துரை குனிந்து, “துருப்பிடிச்ச இடத்தில சுத்தியிருக்கிறாய் பிள்ளை, பெயின்ற் இல்லாத இடமாப் பார்” என்றார். அவள் கறுப்பு வயரை அச்சு நட்டுக்கு மாற்றினாள்.

பெட்டி கிணுகிணுவென்று பாடியது.

வரிசையில் யாரோ பெருமூச்சு விட்டார். கட்டைகள் ஒவ்வொன்றாக விழத் தொடங்கின. அவள் பெட்டியை உயர்த்திப் பிடித்துக் காட்டினாள். சாஜன் மூட்டையைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். அவருடைய மீசைக்குக் கீழே ஏதோ இளகியது.

“குடு,” என்றார்.

அப்போது நேரம் இரண்டு பத்து.

முதல் ஆட்டத்தில் அவர் கட்டைகளை நடுவில் கோபுரமாகக் குவித்து ஒரு நிமிடத்தில் தோற்றார். யதுர்ஷிகா கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. “இன்னொரு தரம்.” இரண்டாவதில் ஒரு வரிசை அழிந்தது. இளம் ஆமிக்காரன் சிரித்தான். மூன்றாவதில் நான்கு வரிசை. சின்னம்மா பெடலை நிறுத்தியதும் பெட்டி செத்துப்போக, சாஜன் தலையை நிமிர்த்தாமல், “சுத்து அக்கா, சுத்து” என்றார். அவருடைய முழங்கைக்குக் கீழே இருவரது பாஸும் கிடந்தன.

“சாஜன் ஐயா விளையாடி முடியுமட்டும் நாங்கள் இஞ்ச அடுப்பு மூட்டுவமோ?” என்று ஐயாத்துரை பின்னால் நின்றவர்களிடம் மெதுவாகச் சொன்னார். “ஆரிட்டயும் அரிசி இருக்கோ?”

“அவருக்குத் தமிழ் விளங்கும்,” என்றது ஒரு குரல்.

“விளங்கினா நல்லது. பசிக்குதெண்டும் விளங்கும்.”

சாஜனுக்கு அது கேட்கவே இல்லை. நீளக் கட்டை ஒன்று வந்தது. இடது ஓரத்துப் பள்ளத்துக்குள் விடவேண்டியது. அவர் அதை வலப்பக்கம் கொண்டுபோனார். யதுர்ஷிகாவின் நாக்கு நுனிவரை “இடப்பக்கம்” என்று வந்தது. பல்லால் நிறுத்தினாள். இந்த மனிதர் தோற்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே, அவர் பிழையாக வைக்கிற ஒவ்வொரு கட்டைக்கும் மனம் பதறியது. தோற்றாலும் பயனில்லை. தோற்கிற ஒவ்வொரு தரமும் அவர் புதிதாகத் தொடங்கினார்.

இரண்டு முப்பத்தைந்து. அவருடைய மணிக்கூடு அவள் கண்ணுக்கு நேரே இருந்தது.

அப்போது சின்னம்மாவைப் பார்த்தாள். குந்தியிருந்து சுற்றிச் சுற்றி அவளது முகம் வியர்த்திருந்தது. கொண்டை அவிழ்ந்துகொண்டிருந்தது. ஒரு ஊசி ஏற்கெனவே கழுத்தில் தொங்கியது. மயிருக்குள்ளிருந்து ஒரு பற்றறியின் பித்தளை நுனி அரிசிமணி அளவுக்கு எட்டிப் பார்த்தது. இளம் ஆமிக்காரன் அவளுக்கு இரண்டு முழத் தூரத்தில் நின்றான்.

“சின்னம்மா, விடுங்கோ. நான் சுத்துறன்.”

“எனக்குக் களைப்பில்லை.”

“எழும்புங்கோ. தலை அவிழுது. முடிஞ்சுகொண்டு வாங்கோ.”

சின்னம்மாவின் கை தலைக்குப் போனது, அங்கேயே நின்றது. அவள் எழும்பி, தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டு ஐயாத்துரையின் உரப்பைக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

யதுர்ஷிகா பெடலைப் பிடித்தாள். மெதுவாக, ஒரே மாதிரி. அதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கலிஸ்ராவிடம் முன்பு இப்படி ஒன்று இருந்தது. கலிஸ்ரா முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்து முள்ளியவளையில் கூடப் படிக்கிறவள். ரியூசன் கொட்டிலுக்குப் பின்னால் ஒருத்தி சுற்ற ஒருத்தி விளையாடுவார்கள். சித்திரை மாதம் ஒரு பின்னேரம் கலிஸ்ரா ஒன்பதாயிரம் புள்ளியை நெருங்கும்போது யதுர்ஷிகா பரபரப்பில் வேகமாகச் சுற்றிவிட்டாள். கண்ணாடி முழுக்கக் கறுத்தது, ஒரு மணம் வந்தது, அத்தோடு சரி.

“நான் உன்னை முந்தப்போறன் எண்டு வேணுமெண்டுதானே சுத்தினனி,” என்றாள் கலிஸ்ரா.

“சத்தியமா இல்லையடி.”

கலிஸ்ரா ஒரு மாதம் கதைக்கவில்லை. வவுனியாவில் வாங்கிய இந்தப் பெட்டி அவளுக்காகத்தான். யதுர்ஷிகா இதில் எண்ணாயிரத்துத் தொளாயிரம் எடுத்திருந்தாள். சோதினை முடிந்த அன்றைக்கு இதைக் கொடுத்து, “இந்தா, முந்து பாப்பம்” என்று சொல்ல நினைத்திருந்தாள்.

இரண்டு நாற்பத்துமூன்று. கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு பேர் கையுறையை மாட்டிக்கொண்டார்கள். அதை இழுத்து மூடுகிறவர்கள்.

“சேர், மூண்டு மணியாகுது.”

“கொஞ்சம் பொறு நங்கி. ரெண்டாயிரம் வருது.”

அவள் சுற்றினாள். பிறகு இரண்டு கையாலும் பெடலைப் பிடித்துச் சுற்றினாள். டைனமோவின் இரைச்சல் ஏறியது. பெட்டியின் பாட்டுக் கீச்சிட்டது. ஐயாத்துரை அவளைக் கூர்ந்து பார்த்தார். சாஜன், “ஏ, ஏ” என்றார். கட்டைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கறுத்தன. கண்ணாடி முழுக்க ஒரே கறுப்பு. அந்த மணம் வந்தது. பாட்டு அறுந்தது.

பின்சில்லு மட்டும் சுற்றி ஓய்ந்தது.

சாஜன் பொத்தான்களை அமுக்கிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். இளம் ஆமிக்காரன் சிரிக்கத் தொடங்கி, அவருடைய முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

“வேகமாச் சுத்தினது?”

“ஓம் சேர்.”

“தெரியாமலா?”

பயத்தில் சுற்றினேன் என்று சொல்லலாம். அதுவும் பொய்யில்லை. ஆனால் அவர் அவளுடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை பெடலை இன்னும் விடவில்லை.

“தெரிஞ்சுதான் சேர். மூண்டு மணிக்கு மூடிப்போடுவியள். திங்கட்கிழமை எனக்குச் சோதினை.”

சின்னம்மா உரப்பைக்குப் பின்னாலிருந்து, “ஐயோ விசரி” என்று முனகினாள்.

சாஜன் மேசையில் கிடந்த வினாத்தாள் கட்டைப் பார்த்தார். மேல் தாளில் டைனமோவின் படம் ஒன்று இருந்தது, காந்தமும் சுருளும். மணிக்கூட்டைப் பார்த்தார். இரண்டு நாற்பத்தெட்டு. முழங்கையை எடுத்து, பாஸ் இரண்டிலும் கையெழுத்து வைத்தார். பெட்டியை அவளிடம் நீட்டியவர் பாதியில் நிறுத்தினார்.

“வயர் போகாது.”

கத்தியை எடுத்து இரண்டு வயரையும் அடியோடு வெட்டி மேசை லாச்சியை இழுத்து உள்ளே போட்டார். செத்த பெட்டியை அவளிடம் கொடுத்தார். “அடுத்த ஆள். கெதியா.”

ஐயாத்துரைதான் அடுத்த ஆள். அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் ஓடிவந்தார்கள். பைகளை யாரும் கொட்டிப் பார்க்கவில்லை. கடைசி ஆள் கடந்தபோது கம்பிச் சுருள் கிறீச்சிட்டுக்கொண்டு நகர்ந்தது.

இரண்டு பக்கத்துக்கும் நடுவில் கிடந்த சூனியப் பிரதேசத்து மண் ரோட்டில் இருவரும் வெகுதூரம் நடந்தார்கள். கடைசி வளைவு தாண்டியதும் சின்னம்மா கொண்டைக்குள் கைவிட்டு இரண்டு பற்றறியையும் எடுத்தாள்.

“இந்தா. இதைப் போட்டு ஒருக்காப் பார். சிலவேளை உசிர் வரும்.”

“அதில பற்றறி வைக்கிற தகடே இல்லை சின்னம்மா. இருந்தாலும் வராது. எரிஞ்சுபோச்சு.”

சின்னம்மா பற்றறிகளைத் தலைப்பில் முடிந்தாள்.

“கலிஸ்ராட்ட என்ன சொல்லப்போறாய்?”

“நான் வேகமாச் சுத்தினதில எரிஞ்சுதெண்டு.”

“திரும்பவுமோ? அந்தப் பெட்டை நம்புவாளோ?”

“நம்புவாள்,” என்றாள் யதுர்ஷிகா. “இந்த முறை வேணுமெண்டுதான் சுத்தினனான் எண்டு சொல்லுவன்.”