கவர் போட்ட சைக்கிள்

என் வீட்டுக்காரர் துரை திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் சிற்பப் பட்டறைக்குச் சைக்கிளில்தான் போய்வருவார். லுங்கி ஓரமெல்லாம் செயின் கறை. தோய்த்துத் தோய்த்துக் கை ஓய்ந்தவள் நான்தானே? பொங்கலுக்கு முழு செயின் கவர் ஒன்று வாங்கிவந்து, மாட்டியே ஆகணும் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

கவர் தடிமன். பெடல் சுற்றும்போதெல்லாம் அதில் இடித்தது. கழற்றிவிடலாம் என்றார். விடுவேனா? சைக்கிள் கடை தாவீதிடம் சண்டை போட்டு, பெடல்களை இணைக்கிற அச்சை எடுத்துவிட்டு மூட்டை ஏற்றும் சைக்கிளின் நீள அச்சைப் போடவைத்தேன். பெடல்கள் இரண்டு பக்கமும் இரண்டு விரல்கடை வெளியே தள்ளிப்போயின. இடிப்பது நின்றது. தெருவெல்லாம் பெருமை பேசினேன்.

மாசியிலிருந்து அவர் லேட்டாக வர ஆரம்பித்தார். வந்ததும் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எந்தக் கடையில குந்திகினு வரய்யா நீ? முட்டி வலின்னு கதை வேற."

சோற்றைத் தின்றுவிட்டுப் படுத்துவிடுவார். போன சனிக்கிழமைதான் வாயைத் திறந்தார். "திங்கக்கெழம மொதலாளிகிட்ட சொல்லிட்றேன். இங்கியே லாட்ஜுல வாட்ச்மேன் வேலை கீது. அவ்ளோ தூரம் மிதிக்க முடியல."

உளி பிடித்த கை கேட்டைத் திறந்துவிடப் போகிறதா? ஆடித் தீர்த்துவிட்டேன்.

மறுநாள் மிளகாய் அரைக்க நானே சைக்கிளை எடுத்தேன். அறிவொளி வகுப்பில் எழுத்தோடு சைக்கிளும் கற்றுத்தந்தார்கள்; ஆம்பிளை சைக்கிளிலேயே கற்றவள் நான். மிதித்தால் தொடை இரண்டும் அகன்றுகொண்டே போகின்றன. முட்டி வெளியே சாய்கிறது. அழுத்துகிற பலம் பெடலில் சேரவே இல்லை. ஏரிக்கரை மேடு ஏறுவதற்குள் முட்டிக்குள் ஊசி குத்தியது. இறங்கித் தள்ளினேன். எனக்கே இப்படியென்றால் தினமும் அவ்வளவு தூரம் போகிறவருக்கு? அடிப்பாவி, என்ன காரியம் செய்துவைத்தேன்!

நேரே தாவீது கடைக்குப் போனேன். "பழைய அச்சையே போடு தாவீது. கவரைக் கழட்டி எறி."

"அண்ணாத்த பங்குனியிலயே வந்து கேட்டாரு, அக்கா. அச்ச மாத்தினா கவர் ஒக்காராதுன்னேன். 'அப்ப வுடு, அது ஆசையா வாங்கினது'ன்னு போய்ட்டாரு."

கடை வாசலிலேயே அழுதுவிட்டேன்.

திங்கட்கிழமை விடிந்ததும் சைக்கிளை அவர் முன்னால் நிறுத்தினேன். "ஒரு தபா மிதிச்சுப் பாருய்யா. அப்பால மொதலாளிகிட்ட இன்னா வேணா சொல்லு."

வெறும் செயினைப் பார்த்தார். "கறை ஆவுமே."

"ஆவட்டும்."

தெருமுனை வரை போய்த் திரும்பினார். "லேசாத்தான் கீது," என்றார். "சோத்தக் கட்டு. உளிப் பைய எடுத்தா."

எடுத்துவந்தேன். கிளம்பும்போது லுங்கியைத் தொடைவரை ஏற்றிக் கட்டினார், கறை பட்டு நான் தோய்க்கக் கூடாதாம். வலது முட்டி பன் மாதிரி வீங்கியிருந்தது. இத்தனை நாளில் அந்த லுங்கியைத் தூக்கி நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.