சாட்சிக்கூட்டில் சொன்னது

புதுக்கடை நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த தேத்தண்ணிக் கடையில்தான் கனகேஸ்வரி அதைக் கண்டாள். கிஷாந்த் ஒரு மனிதரின் காதருகே குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அந்த மனிதருக்கு நரைத்த தாடி, மடியில் ஒரு தோல்பை. அவர் சட்டென்று எழும்பி, பாதி குடித்த தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போனார்.

கிஷாந்த் அவளுடைய கணவரின் தமக்கை மகன். இந்த வழக்கில் எதிராளியும் அவன்தான்.

கொட்டாஞ்சேனையில் அவளுக்கு ஒரு வீடு இருந்தது. 2010இல் கணவர் பாரிசவாதத்தில் விழுந்தபோது, அவரை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும் அவசரத்தில் வீட்டைப் பார்க்கச் சொல்லிக் கிஷாந்திடம் விட்டுவிட்டுப் போனாள். கணவர் பத்து வருடங்களுக்கு மேல் படுக்கையிலேயே கிடந்து இறந்தார். அவள் திரும்பி வந்தபோது, "வீடு இப்ப என்ர, மாமி" என்று வாசலிலேயே சொல்லிவிட்டான். வெள்ளவத்தையில் ஓர் அறை எடுத்துத் தங்கிக்கொண்டு வழக்குப் போட்டாள்.

அவளுடைய சட்டத்தரணி தனுஷியா தொடக்கத்திலேயே விளக்கியிருந்தாள். "அன்ரி, ஒருத்தர் தன்ர சொத்தெண்டு பத்து வருசம் ஆண்டால் அவருக்கு ஆட்சியுரிமை வந்திடும். ஆனால் நீங்கள் விட்டு, உங்கட அனுமதியோட இருந்தவரெண்டால், எத்தினை வருசம் இருந்தாலும் வராது. எல்லாம் அந்த ஒரு விசயத்திலதான் நிக்குது."

பத்து மணிக்கு வழக்குக் கூப்பிட்டார்கள். கனகேஸ்வரி சாட்சிக்கூட்டில் ஏறினாள். அவளுடைய பக்கத்தில் வந்து நின்றவரைத் திரும்பிப் பார்த்தாள். அதே நரைத்த தாடி. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் ஸாலிஹ். இனி அவள் தமிழில் சொல்வதெல்லாம் இந்த மனிதரின் வாய் வழியாகத்தான் நீதிபதியின் காதுக்குப் போகும்.

கிஷாந்தின் சட்டத்தரணி குறுக்கு விசாரணையைத் தொடங்கினார். சிங்களத்தில் கேட்டார், ஸாலிஹ் தமிழாக்கினார்.

"யாழ்ப்பாணம் போகக்குள்ள வீட்ட என்ன செஞ்சீங்க?"

அவள் பதில் சொன்னாள். ஸாலிஹ் நீதிபதியைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னதில் ஒரு சொல் மட்டும் அவளுக்குப் பிடிபட்டது. துன்னா. குடுத்தா. சந்தையிலும் பஸ்ஸிலும் கேட்டுப் பழகிய சொல். வீட்டைக் குடுத்தாளென்றால் அவனுக்கே எழுதிக் குடுத்த மாதிரி ஆகிவிடும்.

எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் முகம் மலர்ந்தது. தட்டெழுத்தர் அதைப் பதிந்தார். கனகேஸ்வரி தனுஷியாவைப் பார்த்தாள். அவள் கோப்புக்குள் தலையைக் குனிந்திருந்தாள். இவளும் சேர்ந்துதானோ? தேத்தண்ணிக் கடையில் பேசி முடித்ததுதானா இது?

"நோனா!" என்று நீதிபதியை நோக்கிக் கத்திவிட்டாள். "மங் எஹெம கிவ்வே நே!" நான் அப்படிச் சொல்லவில்லை. பிறகு தமிழில் கொட்டினாள். "இவர் எதிராளியோட ஒண்டாய் நிண்டு கதைச்சவர். நான் கண்டனான். இவர் மாத்திச் சொல்லுறார்!"

நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஸாலிஹைப் பார்த்தார். தன்மீதான குற்றச்சாட்டை ஒரு சொல்லும் விடாமல் ஸாலிஹே சிங்களத்தில் சொன்னார். அதன் பிறகு தன் பாட்டில் இன்னும் சில வசனங்கள் சொன்னார். கிஷாந்த் எழும்பிப் போகப் பார்த்தான், பொலிஸ்காரர் மறித்தார்.

என்ன நடந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை. நீதிபதி வழக்கை மூன்று வாரத்துக்கு ஒத்திவைத்து, வேறொரு மொழிபெயர்ப்பாளரை அழைக்கச் சொன்னார். குறுக்கு விசாரணை முடியும்வரை சாட்சியோடு அவருடைய சட்டத்தரணியும் வழக்கைப் பற்றிக் கதைக்கக்கூடாதாம். தனுஷியா ஒன்றும் சொல்லாமல் விலகிப் போனது அவளுடைய சந்தேகத்தை இன்னும் கூட்டியது.

கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்குப் போகும் ரயிலில் யன்னலோரம் இருந்து, கூட்டில் தான் சொன்னதை மீட்டுப் பார்த்தாள். "திறப்பைக் குடுத்திட்டுப் போனனான்" என்று சாவியைத்தான் சொன்னேனா? பம்பலப்பிட்டி வரும்போது சொன்னது நினைவுக்கு வந்தது. இல்லை. "வீட்டைக் கிஷாந்திட்டைக் குடுத்திட்டுப் போனனான்." அதுதான் அவள் சொன்னது. ஊரில் எல்லாரும் சொல்வது போலத்தான் சொன்னாள்.

அந்த மூன்று வாரமும் அதுதான் அவளை அரித்தது. ஸாலிஹ் பொய் சொன்னார் என்று நின்றால், சொன்ன சொல் தன்னுடையதல்ல என்று ஆகிவிடும். உண்மையைச் சொன்னால் வீடே போகலாம்.

அடுத்த தவணையில் ஐறீன் என்ற பெண் மொழிபெயர்க்க வந்திருந்தாள். அன்றைக்கு உண்மையில் என்ன சொன்னீர்கள் என்று நீதிபதியே கேட்டார்.

கனகேஸ்வரி சாட்சிக்கூட்டின் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். "வீட்டைக் குடுத்தனான் எண்டுதான் சொன்னனான், அம்மா. அந்த ஐயா சரியாத்தான் சொல்லியிருக்கிறார். நான்தான் அவரைப் பிழையாய் நினைச்சிட்டன். ஆனால் நாங்கள் குடுத்தது எண்டு சொல்லுறது, பார்த்துக்கொள்ளச் சொல்லி விடுறதை. பிள்ளையைப் பக்கத்து வீட்டில குடுத்திட்டுக் கடைக்குப் போறனெண்டும் சொல்லுவம். அதுக்காகப் பிள்ளையை ஆருக்கும் எழுதிக் குடுக்கிறதோ?"

ஐறீன் அதை மொழிபெயர்த்து முடிக்க நீதிபதி மெல்லத் தலையசைத்து, அந்த விளக்கத்தையும் பதியச் சொன்னார்.

பிறகு கிஷாந்த் கூட்டில் ஏறினான். தனுஷியா ஒரு பழைய தொலைபேசிச் செய்தியை அவனிடம் நீட்டி வாசிக்கச் சொன்னாள். 2018இல் அவன் அனுப்பியது. "மாமி, பின்பக்கத்துச் சுவரை இடிச்சு ஒரு அறை கட்டட்டோ?"

"உங்கட வீடெண்டால் ஏன் மாமியிட்டக் கேட்டனீங்கள்?" என்று கேட்டாள். அவன் தண்ணீர் கேட்டான்.

ஏழு மாதத்தில் தீர்ப்பு வந்தது. கிஷாந்த் அனுமதியோடு இருந்தவனே, ஆட்சியுரிமை இல்லை, வீடு கனகேஸ்வரிக்கு. மேன்முறையீடு செய்வேன் என்று அவன் சொல்லிக்கொண்டு போனான்.

அன்றைக்குத்தான் கனகேஸ்வரி வாய்விட்டுக் கேட்க, தனுஷியா சொன்னாள். ஒத்திவைத்த நாளில் ஸாலிஹ் மன்றில் சொன்னது இதுதான்: கிஷாந்த் கடையில் வந்து, 'குடுத்தா எண்டு வந்தால் அதை அழுத்திச் சொல்லுங்கோ' என்று கேட்டான், நான் எழும்பி வந்துவிட்டேன், இப்போது அந்தச் சொல்லே வந்துவிட்டபடியால் நான் விலகுவதுதான் முறை.

கனகேஸ்வரி மாடிப்படியில் ஸாலிஹைத் தேடிப் பிடித்தாள்.

"ஐயா, நான் உங்களைப் பெரிய சபையில கள்ளனாக்கிப் போட்டன்."

"நீங்க தமிழ்ல செல்றத நான் சிங்களத்துல செல்ற. அவ்வளவுதான், உம்மா," என்றார் அவர். "எனக்கும் அன்டைக்குப் பயம் வந்துச்சி. அவன் கேட்ட சொல்லே உங்கட வாயில வந்தப்ப, நீங்களும் அவனோட சேர்ந்த ஆளோன்டு நெனச்சன்."

கனகேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. மேலே யாரோ ஸாலிஹின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் தோல்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அடுத்த வழக்குக்குப் படியேறினார்.