மண் போட்ட அன்றைக்கு இறங்கிய மரம்

பெற்ற தாயை அவசரமாகப் புதைத்துவிட்டுக் கட்டுமரப் பந்தயம் பார்க்கப் போனவள் என்று ஊரில் இன்றைக்கும் என்னைச் சொல்வார்கள். சொல்லட்டும். ஆமாம், போனேன். இன்னொரு தடவை அப்படி வந்தாலும் போவேன்.

அப்பன் கடலோடு போனபின் எங்கள் அம்மை விக்டோரியா பனையோலை மீன் கடவத்தைத் தலையில் தூக்கித் திங்கள்சந்தைக்கு நடந்தே எங்களை வளர்த்தாள். பிறகு எங்கள் பிள்ளைகளையும் அவளே வளர்த்தாள். வாயில் போட்ட கிழங்கைக்கூடப் பேரன் கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவாள். ஆனால் விளையாட்டு என்று வந்துவிட்டால் அவள் வேறு ஆள். பேரன்கள் மணலில் சடுகுடு ஆடினால் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடுவில் இறங்குவாள். பந்தயத்தன்று இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, வெறும் கடவத்தைத் தட்டித் தட்டிக் கூப்பாடு போடுவாள். தோற்று வந்தவனுக்கு அன்றைக்குச் சோறு உண்டு, பேச்சு கிடையாது.

1934இல் கோயில் திருவிழாக் கொடி இறக்கிய மறுநாள் பந்தயம். என் மகன்கள் இரண்டு பேரும் அந்த வருஷம்தான் முதல்முதலாகத் துடுப்புப் பிடிக்கிறார்கள். அம்மை காய்ச்சலில் கிடந்தாள். முந்தின நாள் சாயங்காலம் என் கையைப் பிடித்தாள்.

"ஏட்டி கிரேசி, எனக்கு என்ன ஆனாலும் நாளைக்கு பயக்களுக்க மரம் கரையில கெடக்கப்பிடாது, கேட்டியா?"

"கெடக்காது அம்மை."

விடியற்காலையில் போய்விட்டாள்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. ஊரில் பிணம் கிடந்தால், மண் போடும்வரை ஒரு கட்டுமரமும் கடலில் இறங்காது. பந்தயமோ மூன்று மணிக்கு. ஊர்த்தலைவர் ஞானதாசன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"மக்கா, ஒனக்க அண்ணன் யேசுதாசனுக்குத் தந்தி அடிச்சாச்சு, கொல்லத்துல இருந்து நாளைக்குக் காலையில வந்துருவான். அதுக்குப் பெறவு அடக்கம் வச்சுக்கலாம். பந்தயத்தை பக்கத்து ஊர்க்காரனுக்கு விட்டுக்குடுத்துருவோம்."

வாசலில் நின்ற என் மூத்தவன் ஏசுஅடிமை தலையைக் குனிந்துகொண்டான். நான் முன்னால் வந்தேன்.

"ஒண்ணும் விட்டுக்குடுக்காண்டாம். இண்ணைக்கு உச்சைக்கே அடக்கம்."

"ஏட்டி, ஒனக்கு மண்டைக்கு வழி இல்லியா? யேசுதாசன் அம்மைக்க மொகத்தைப் பாக்காண்டாமா?"

கூடியிருந்த பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்தார்கள். அண்ணன் பாவம்தான். இதே கரையில் மூன்று வருஷம் தொடர்ந்து பந்தயம் ஜெயித்தவன், அம்மைக்குச் செல்லப்பிள்ளை. ஆனாலும் நான் அம்மைக்கு வாக்குக் கொடுத்தவள்.

"அம்மை கடைசியா கேட்டது மரத்தைத்தான். அண்ணனுக்கு நான் பதில் சொல்லுவேன். குழி வெட்ட ஆள் இல்லேண்ணா மம்மட்டிய என் கையில தாங்க."

யாரும் தரவில்லை. நாலு பேர் முணுமுணுத்துக்கொண்டே கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். சாமியார் வந்து ஜெபம் சொன்னார். ஒன்றரை மணிக்கு முதல் பிடி மண்ணை நான்தான் போட்டேன். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று என் காதுபடவே சொன்னார்கள்.

மூன்று மணிக்கு மரம் இறங்கியது. அம்மையின் கடவத்தை எடுத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நின்றேன். தட்டினேன். "இழுலே மக்கா, இழு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பையன்களின் மரம் இரண்டாவதாக வந்தது.

மறுநாள் காலையில் பஸ் இறங்கி அண்ணன் ஓடி வந்தான். அடக்கம் முடிந்துவிட்டதென்று வழியிலேயே யாரோ சொல்லியிருக்க வேண்டும். முற்றத்தில் நின்று என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினான்.

"எனக்க அம்மைக்க மொகத்தை ஒருக்கா பாக்க விடலியே! நீ மனுஷிதானா?"

"பந்தயம் இருந்துது அண்ணே. மரம் கரையில கெடக்கப்பிடாதுண்ணு அம்மை சொல்லிச்சு."

கையை எடுத்துவிட்டான். தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான். எழுந்து அடிக்கப்போகிறான் என்றுதான் நின்றேன். அடிக்கட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"பயக்க ஜெயிச்சானுவளா?"

"ரெண்டாவது."

"ரெண்டாவதா?" என்று பாய்ந்து எழுந்தான். "ஏட்டி, எங்க அவனுவ? துடுப்பு பிடிக்கத் தெரியுமாலே ஒங்களுக்கு? வாங்கலே கரைக்கு!"

அப்படியே அம்மையின் குரல். பையன்களை முன்னால் விரட்டிக்கொண்டு அவன் கடற்கரைக்குப் போனான். நான் அம்மையின் கடவத்தை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு, அப்போதுதான் வாய்விட்டு அழுதேன்.