ஜப்பானுக்கு மட்டும் ஒரு பாட்டு

கண்டியில் 'பதினெட்டு வளைவு' என்று ஒரு ராக் பேண்ட் இருக்கிறது. அலவத்துகொட ஊர் அஸ்ஃபர் கிட்டார், மஹய்யாவ ஊர் சுபாஜினி பாட்டு, அவள் தம்பி சுதேஷ் ட்ரம்ஸ். ஒன்பது பாட்டுகளோடு முதல் அல்பத்தை இணையத்தில் விட்டார்கள். இரண்டே மாதத்தில் டோக்கியோவிலிருந்து ஒரு சின்னக் கம்பெனி எழுதியது: சீடியாக வெளியிடுகிறோம், ஆனால் வேறெந்த நாட்டிலும் கிடைக்காத ஒரு போனஸ் பாட்டு வேண்டும். பத்து நாள் அவகாசம்.

பத்தாவது பாட்டு அவர்களிடம் இல்லை. அஸ்ஃபர் வீட்டுப் பின்னறையில்தான் ஒத்திகை நடக்கும். அங்கே உட்கார்ந்து பழைய ஒத்திகைப் பதிவுகளைக் கிளறினார்கள். ஒன்றில் அருமையான கிட்டார் மெட்டு. நடுவில் அஸ்ஃபரின் உம்மா றலியாவின் குரல்: "டேய் அஸ்ஃபர்! சோறு ஆறிப் போச்சி! எத்தன தரம் கூப்புடுற!" ஒவ்வொரு சொல்லும் சுதேஷின் அடியில் கச்சிதமாக விழுந்தது.

"இதுதான் பாட்டு," என்றாள் சுபாஜினி.

உம்மாவிடம் போட்டுக் காட்டினார்கள். அவர் முகம் சுருங்கியது.

"இது நானா? மீன்காரன்ட சத்தம் மாதிரி ஈக்கி. ஜப்பான்காரங்க என்ன நெனப்பாங்க? அழிங்க மகன். நான் வடிவாச் சொல்லித் தாரன்."

அழித்தும் விட்டார்கள். மறுநாள் உம்மா பெருநாள் சால்வையைப் போட்டுக்கொண்டு வந்து, மைக்கின் முன்னால் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வானொலிச் செய்தி வாசிப்பதுபோல் ஆரம்பித்தார்: "அன்பு மகன் அஸ்ஃபர் அவர்களே, உணவு தயாராக உள்ளது."

சுதேஷ் சிரிப்பை அடக்கக் குச்சியைக் கடித்தான். ஐந்தாவது தடவை உம்மா ஜப்பான் மக்களுக்கு வாழ்த்தும் சேர்த்தார்.

"கொஞ்சம் கோவமாச் சொல்லுங்க ஆன்ட்டி," என்றாள் சுபாஜினி.

"எனக்குக் கோவம் வரல்லியே பிள்ள."

எட்டாவது தடவையில் குசினியிலிருந்து தீய்ந்த வாடை வந்தது. உம்மா சால்வையை உதறி எழுந்தார்.

"எட்டுத் தரம் பேசவெச்சி என்ட கறியக் கருக்கிட்டீங்களே! இனி என்னத்தத் தின்னப் போற? கிட்டாரையா?"

சுபாஜினி கையைத் தூக்கினாள். சுதேஷ் அடிக்க, அஸ்ஃபர் வாசிக்க, உம்மா குசினிக்கும் அறைக்கும் நடந்து நடந்து ஏசினார். நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி பதிவானது.

அதுவே டோக்கியோ போனது. "என்ட பேரு வேணாம், அஸ்ஃபர்ட உம்மாண்டு போடுங்க," என்றார் அவர். அப்படியே அச்சானது. பாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு ஜெர்மனிக் கம்பெனி ஒன்றும் கேட்டது. ஒப்பந்தப்படி ஒரு வருடத்துக்கு அது ஜப்பானுக்கு மட்டும். ஜெர்மனிக்கு ஒன்பது பாட்டுத்தான்.

உம்மாவுக்கு இதில் ஒரு கஷ்டம். அக்குறணையில் இருக்கும் தன் ராத்தாவுக்குப் பாட்டை அனுப்பச் சொன்னார்.

"ஏலா உம்மா. ஒப்பந்தத்த மீறினதாப் போகும்."

"ஜப்பான்காரன் கேக்கலாம், என்ட கூடப் பொறந்தவ கேக்க ஏலாதா?"

உம்மா போனை எடுத்து ராத்தாவைக் கூப்பிட்டு, முழுப் பாட்டையும் வாயாலேயே ஏசிக் காட்டினார்.

"றலியா, நீ சின்னதுலருந்தே என்னய இப்பிடித்தானே ஏசுற," என்றார் ராத்தா. "இதையா ஜப்பான்ல சீடி அடிச்சீக்கி?"

அப்புறம் இரண்டு நாளைக்கு உம்மா அக்குறணைப் பக்கம் பேசவே இல்லை.