உஜான் தினமும் வருகிறார்

பதின்மூன்று வருஷத்துக் கடிதங்களுக்குப் புகையிலைக் கடை அய்யாவு மனதுக்குள் போட்ட விலை இரண்டு மரவள்ளிக்கிழங்கு. புகையிலை மடிக்கக் காகிதம் இல்லாமல் மலாய் நாட்டுப் பீடோங் கடைத்தெருவே வாழைச்சருகு பொறுக்கிய ஜப்பான்காரன் காலம். இரண்டு கிழங்கு என்பது தாராளம். ஒன்றரையில் ஆரம்பிக்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள் பிச்சையம்மாள் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"விக்க வரலண்ணே. எனக்கு எழுத்துத் தெரியாது, படிக்கச் சொல்லத்தான் கொண்டாந்தேன்."

ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்காரி. புருஷன் முனியாண்டியைச் சித்திரையில் சயாமுக்கு ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போனார்கள். இப்போது ஆடி. மடியிலிருந்து புதிதாக ஒரு காகிதத்தை எடுத்துப் பலகையில் வைத்தாள்.

"நேத்து ஆபீசுல கணக்கெழுதற அழகேசன் கிராணி குடுத்தாரு. 'ஒம் புருஷன் கூப்பிடறான், வெள்ளிக்கெழம ரயிலு, பொம்பளைங்களும் போலாம்'னுட்டுப் போயிட்டாரு. அங்க அவங்க கையால எழுத விடறதில்லயாம், எவரோ கிராணி எழுதிக் குடுத்ததாம், கையெழுத்துல ஒண்ணும் தெரியாது. பேச்சு அவரோடதான்னு பழசோட வெச்சுப் பாத்துச் சொல்லுங்க. அவரு பேச்சுன்னா நான் போயிடுவேன்."

"நான் ஜப்பான் நோட்டு நல்லதா கள்ளதான்னு பாக்கறவன், தங்கச்சி. ரெண்டும் ஒண்ணுதான்னு தெரிய ஒரு வருஷமாச்சு."

அவள் சிரிக்கவில்லை. காலிச் சாக்கின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

பழைய கடிதங்கள் முனியாண்டி ஊரிலிருந்த தாயாருக்கு எழுதியவை. கிழவி கம்பியில் கோத்து வைத்திருந்தாள். அவள் கருமாதிக்குப் போனவன் அப்படியே திருப்பிக் கொண்டுவந்துவிட்டான். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு ஓட்டை. அய்யாவு சரக்குப் பார்ப்பதுபோல வருஷ வரிசையில் பார்த்தார். இருபத்தாறில் 'சாலை', 'கஞ்சி குடித்தேன்'. மூன்றாம் வருஷம் சாலை சடக்காகிவிட்டது, ரப்பர் கித்தாவாகிவிட்டது. ஆறாம் வருஷத்திலிருந்து அவன் கஞ்சி குடிப்பதில்லை, பசியாறுகிறான். எந்தச் சொல்லும் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு போகவில்லை. அடுத்த கடிதத்தில் அது இல்லை, அவ்வளவுதான். கையெழுத்து அப்படியே இருக்க, வேறொருவன் சத்தமில்லாமல் உள்ளே குடிவந்துகொண்டிருந்தான்.

சயாம் கடிதத்தை விரித்தார். க்ஷேமம், ஆகாரம், வசதி, சாலை. சுத்தமான கிராணிச் சரக்கு. தோட்டத்து வாய் பட்ட சொல் ஒன்றுகூட இல்லை. இது அவனல்ல என்று சொல்லிவிடலாம். கடைசிக்கு முந்தைய வரி தடுத்தது.

'இங்கே உஜான் தினமும் வருகிறார். வந்தாலும் வேலை நிற்பதில்லை.'

யார் இந்த உஜான், ஏதாவது ஜப்பான் அதிகாரியா? அவளிடமே கேட்கலாம். ஆனால் இன்ன சரக்கென்று தெரியாமல் வாயைத் திறக்காதே என்று அடித்துச் சொல்லி வளர்த்திருந்தார் அய்யாவுவின் அப்பா. மறுபடி கட்டைப் பிரித்தார்.

இரண்டாவது கடிதத்திலேயே இருந்தான். 'உஜான் என்று இங்கே ஒருவன் இருக்கிறான். அவன் வந்தால் பால் வெட்டு இல்லை, எல்லோருக்கும் ஓய்வு. நான் இன்னும் பார்க்கவில்லை. நல்ல மனுஷனாகத்தான் இருப்பான்.' அய்யாவுக்குச் சிரிப்பு முட்டியது. மலாய்க்காரர்கள் மழையை உஜான் என்று சொன்னதைக் கேட்டு, மடையன், ஆள் பெயர் என்று நினைத்திருக்கிறான். முப்பத்தைந்தில் இப்படி: 'பிச்சையம்மாளும் மழையை உஜான் என்றே சொல்கிறாள். உங்காளு வந்துட்டாரு, படுத்துத் தூங்குங்க என்கிறாள்.'

சிரிப்பு நின்றுவிட்டது. சயாமில் எழுதிய கிராணியும் அதே தப்பைச் செய்திருக்கிறான். பெரிய மனிதர் என்று நினைத்து மரியாதை வேறு போட்டிருக்கிறான். மற்றதெல்லாம் கிராணி பேசியது. அந்த ஒரு வரிக்குள் மட்டும் முனியாண்டி நனைந்துகொண்டு நின்றிருந்தான். சொன்ன அன்றைக்கு உயிரோடு இருந்திருக்கிறான். வா என்பதும் கிராணி போட்டதுதான், அவன் சொல்லவில்லை. ஆனால் இவள் காதில் அந்தப் பெயர் விழுந்தால் போதும், வெள்ளிக்கிழமை ரயிலுக்கு வியாழக்கிழமையே போய் நிற்பாள். சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவனைப் போன வாரம் பாடாங் செராயில் பார்த்திருந்தார். சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு, எப்படித் தின்பதென்று மறந்தவன்போல அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அய்யாவு உரக்கப் படித்தார். பிச்சையம்மாள் கண்ணை மூடிக் கேட்டாள். அந்த வரி வந்ததும் அவர் கண் அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனது; குரல் தடுமாறவில்லை. வியாபாரக் குரல்.

"அவரு பேச்சு இல்ல" என்றாள்.

"இல்ல."

"மழ கிழ பத்தி ஒண்ணும் சொல்லலியாண்ணே?"

"இல்லம்மா."

"அப்ப அவரு இல்லன்னு வெச்சுக்கவா?"

அய்யாவு சயாம் கடிதத்தை மடித்து அவள் பக்கம் தள்ளினார். அவள் பழைய கட்டை மட்டும் முடிந்து இடுப்பில் செருகினாள்.

"அது எவனோ எழுதினது. எனக்கெதுக்கு? நீங்களே வெச்சுக்குங்க."

அவள் தலை சடக்குத் திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். புகையிலைக்குக் கிழிக்கக் கை வரவில்லை. காகிதத்தைத் திருப்பிப் போட்டு, சொல் சொல்லாக எண்ணி, பின்பக்கம் எழுதினார்:

வரவு, சொல் அறுபத்தொன்று.
பிச்சையம்மாளுக்குக் கொடுத்தது, ஐம்பத்து நான்கு.
பாக்கி, ஏழு.